வராத கப்பலுக்காக ஒரு காவல்: கேம்பல் தீவின் கதை

உலக வரைபடத்தை விரித்து நியூசிலாந்தைக் கண்டுபிடியுங்கள். அதன் தென்முனையில் விரலை வைத்து இன்னும் தெற்கே, வெறும் நீலத்தில் நகர்த்துங்கள். சுமார் 700 கிலோமீட்டர் போனால் ஒரு சின்னப் புள்ளி தென்படும். தென்படவில்லை என்றாலும் கவலை வேண்டாம், பல வரைபடங்களில் அந்தப் புள்ளியைப் போடுவதே இல்லை. அதுதான் கேம்பல் தீவு. பரப்பளவு சுமார் 113 சதுர கிலோமீட்டர். அதற்குத் தெற்கே அண்டார்டிகா வரை ஏறக்குறைய தண்ணீர்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல், இந்தத் தீவில் ஒரு சிலர் தினமும் மேட்டில் ஏறி நின்று எதிரிக் கப்பல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, போர் முடியும் வரை. மழையில், பனியில், ஆளையே தள்ளிவிடும் காற்றில்.

ஒரு எதிரிக் கப்பல்கூட வரவில்லை!

பாடப்புத்தகத்தில் போர் என்றால் குண்டு, வெற்றி, தோல்வி, உடன்படிக்கை. எதுவுமே நடக்காத ஒரு இடத்தின் வரலாறு அதில் வராது. ஆனால் இந்தத் தீவின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவர்கள் உண்மையிலேயே ஒன்றையும் பார்க்கவில்லையா, அல்லது எதைப் பார்த்தார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லையா?

முதலில் தீவைப் பற்றிக் கொஞ்சம். 1810-ல் ஃபிரெடரிக் ஹாசல்பர்க் என்ற கப்பல் தலைவர் 'பெர்சிவரன்ஸ்' என்ற கப்பலில் சீல் வேட்டைக்காகக் கிளம்பி வந்து இதைக் கண்டார். கப்பலின் சொந்தக்காரர் சிட்னி வணிகர் ராபர்ட் கேம்பல். (இவர் சிட்னிக்கு வருவதற்கு முன் கல்கத்தாவில் வியாபாரம் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். உலகம் அப்போதே சின்னதுதான்!) முதலாளி பெயர் தீவுக்கு, கப்பல் பெயர் அதன் துறைமுகத்துக்கு. கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? அதே ஆண்டு நவம்பரில் அதே துறைமுகத்தில் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்துபோனார். வேட்டைக்காரர்கள் சில ஆண்டுகளிலேயே சீல்களை ஏறக்குறைய துடைத்து எடுத்துவிட்டார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போனது எலிகளை. இந்த எலிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1874-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு கப்பலில் வந்திறங்கினார்கள். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் கடந்து போவதை அளந்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுவதற்காக! டிசம்பர் 9 அன்று மேகம் மறைத்துவிட்டது. பாதி உலகத்தைச் சுற்றி வந்தும் எடுக்க வேண்டிய அளவை எடுக்க முடியவில்லை. ஒன்றைப் பார்க்க வந்து அதைப் பார்க்காமல் திரும்புவது இந்தத் தீவின் பழக்கம் போலிருக்கிறது.

பிறகு 1895-ல் ஆட்டுப் பண்ணை ஆரம்பித்தார்கள், இடையில் சில வருடம் திமிங்கில வேட்டை. எதுவும் தாக்குப் பிடிக்கவில்லை. 1931-ல் பண்ணையைக் கைவிட்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஆடுகள் அங்கேயே தங்கின, ஆயிரக்கணக்கில்.

ஏன் யாராலும் அங்கே இருக்க முடியவில்லை? வானிலைக் கணக்கைப் பாருங்கள். வருடத்துக்குச் சுமார் 1,330 மில்லிமீட்டர் மழை. சென்னையிலும் வருடத்துக்கு ஏறக்குறைய இவ்வளவுதான் பெய்கிறது, ஆனால் நமக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே அதே மழை 325 நாட்களுக்குப் பங்கு போட்டுத் தூறுகிறது. வெயில் வருடம் முழுவதற்கும் சேர்த்து 650 மணி நேரம்கூடக் கிடையாது. மணிக்கு 96 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடிக்கும் நாட்கள் மட்டும் வருடத்தில் நூறு. துணி காயப் போட்டால் என்று காயும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்படிப்பட்ட இடத்துக்கு ஆள் அனுப்பிக் காவல் போட வேண்டிய அவசியம் என்ன? அதற்கு ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலின் கதையைச் சொல்ல வேண்டும்.

1939 ஆகஸ்ட் கடைசியில் 'எர்லாங்கன்' என்ற ஜெர்மன் நீராவிக் கப்பல் நியூசிலாந்தின் டனீடன் துறைமுகத்தில் நின்றிருந்தது. போர் எந்த நேரமும் வெடிக்கலாம். வெடித்தால் கப்பல் பறிமுதல், மாலுமிகள் சிறை. கப்பல் தலைவர் ஆல்ஃபிரட் கிராம்ஸ், ஆஸ்திரேலியாவுக்குப் போய் நிலக்கரி நிரப்பப் போவதாகச் சொல்லிவிட்டு ஆகஸ்ட் 28 அன்று கிளம்பினார். கிளம்பியவர் ஆஸ்திரேலியா போகவில்லை. ஆளில்லாத ஆக்லாந்து தீவுகளுக்குப் போனார். (ஆக்லாந்து நகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நகரம் நியூசிலாந்தின் வடக்கே, தீவுகள் தெற்கே கடலில், கேம்பல் தீவுக்கு வடமேற்கே.) அங்கே கார்ன்லி துறைமுகம் என்று ஆழமாக உள்ளே வளைந்து போகும் ஒரு நீர்ப்பரப்பு உண்டு. அதன் ஒரு மூலையில் போய்க் கப்பலை மறைத்து நிறுத்திக்கொண்டார்.

இப்போது பிரச்சினை எரிபொருள். இருக்கும் நிலக்கரி பசிபிக்கைக் கடக்கப் போதாது. என்ன செய்தார்கள் தெரியுமா? கரையில் இறங்கிக் காட்டை வெட்டினார்கள். அங்கே வளரும் ராட்டா மரம் இரும்பு மாதிரி கடினம். அதை வாரக்கணக்கில் வெட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பலில் இருந்த துணிகளைத் தைத்துப் பாய்மரமும் கட்டினார்கள். நீராவிக் கப்பல் பாய்மரக் கப்பலானது! அக்டோபரில் கிளம்பி, நவம்பரில் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கரையைத் தொட்டுவிட்டார்கள். எதிரி என்று பார்க்காமல் சொன்னால், அசாத்தியமான கடலோடித்தனம்தான். (1941-ல் அதே கப்பல் மறுபடி கடலில் இறங்கியபோது பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றிடம் மாட்டியது. அதன் மாலுமிகளே அதை மூழ்கடிக்கும்படி ஆயிற்று.)

இந்தச் செய்தி தெரிந்தபோது நியூசிலாந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கொல்லைப்புறத்தில் ஒரு எதிரிக் கப்பல் ஒரு மாதத்துக்கு மேல் ஒளிந்திருந்து, மரம் வெட்டிக்கொண்டு போயிருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை! ஒரு சரக்குக் கப்பலால் முடிந்தால் பீரங்கி வைத்த கப்பலால் முடியாதா?

பீரங்கி வைத்த கப்பல் என்பது கற்பனைப் பயம் அல்ல. சாதாரண வணிகக் கப்பல் போல வேடம் போட்டு, பொய்க் கொடி கட்டி, பக்கத்தில் வந்ததும் பீரங்கியைத் திறக்கும் ஜெர்மன் வேட்டைக் கப்பல்கள் அப்போது பசிபிக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றான 'ஓரியன்' 1940 ஜூனில் ஆக்லாந்து நகரத்துக்குப் போகும் கடல்வழியில் கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போனது. அதில் மோதி 'நயாகரா' என்ற பெரிய பயணிகள் கப்பல் தங்கக் கட்டிகளோடு மூழ்கியது. நவம்பரில் ஓரியனும் 'கோமெட்' என்ற இன்னொரு கப்பலும் சேர்ந்து 'ரங்கிட்டானே' என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்தன.

இந்த விளையாட்டு நம் ஊருக்கும் தெரிந்ததுதான். முதல் உலகப் போரில் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போன எம்டன், அந்தக் காலத்து வேட்டைக் கப்பல். இன்றும் சாமர்த்தியக்காரனை 'எம்டன்' என்கிறோம் அல்லவா? அந்த எம்டனை மாட்டிவிட்டதும் ஒரு குட்டித் தீவில் இருந்தவர்கள்தான். இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுக்கூட்டத்தில் டைரக்‌ஷன் தீவு என்று ஒன்று. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் வந்தபோது, உள்ளே இருந்தவர்கள் அந்நியக் கப்பல் வந்திருப்பதாகக் கம்பியில்லாத் தந்தியில் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' வந்து கதையை முடித்தது. அது 1914 நவம்பர் 9. ஒரு சின்னத் தீவு, ஒரு ரேடியோ, விழித்திருக்கும் நாலு பேர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எனவே 1940 கடைசியில் நியூசிலாந்து அரசு முடிவெடுத்தது. மூன்று கண்காணிப்பு நிலையங்கள். ஆக்லாந்து தீவுகளில் வடக்கே போர்ட் ராஸ், தெற்கே கார்ன்லி துறைமுகம், மூன்றாவது கேம்பல் தீவின் பெர்சிவரன்ஸ் துறைமுகம். மொத்தத் திட்டத்துக்கும் 'கேப் எக்ஸ்பெடிஷன்' என்று ஒரு சங்கேதப் பெயர். 1941 மார்ச்சில் 'டாகுவா' என்ற கப்பல் ஆட்களையும், கழற்றிப் பூட்டக்கூடிய மரக் குடிசைகளையும், உணவையும் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பியது.

ஒரு நிலையத்துக்கு நாலைந்து பேர். தவணை பொதுவாக ஒரு வருடம். குடிசைகளைக் கடலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி மரங்களுக்கும் புதர்களுக்கும் நடுவே கட்டினார்கள். தனியாக மேட்டில் ஒரு பார்வைக் குடில். எல்லாம் ரகசியம். சண்டை போடுவது அவர்கள் வேலை அல்ல. கப்பல் வந்தால் மறைந்துகொள்ள வேண்டும், ரேடியோவில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். காலையில் ஒருவர் மேட்டுக்குப் போக வேண்டும். போகிற வழி முழுக்க முழங்கால் வரை புதையும் சதுப்பு, இடுப்பளவு புல். மேலே போனால் பாதி நாள் மூடுபனி. அடிவானமே தெரியாது. இருந்தாலும் உட்கார வேண்டும். கீழே முகாமில் ஒருவர் சமையல் முறை, ஒருவர் விறகு. இறைச்சிக்குப் பஞ்சமில்லை, பழைய பண்ணைக்காரர்கள் விட்டுப்போன ஆடுகள் தீவு முழுக்கத் திரிந்தன. கடிதம் எப்போதாவது கப்பல் வந்தால்தான். அதே நாலு முகம், அதே கதைகள். ஹாஸ்டலில் ஒரே அறையில் நாலு பேர் ஒரு பருவம் முழுக்க இருந்தாலே சோப்புக்கும் பக்கெட்டுக்கும் சண்டை வருகிறது. அங்கே கோபித்துக்கொண்டு வெளியே போனால் போவதற்கு இடம் ஏது, பெங்குவின்தான் இருக்கும்.

(இந்தத் தீவில் ஒரே ஒரு தனி மரம் உண்டு. சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ கொண்டுவந்து நட்டது. அடுத்த மரத்தைப் பார்க்க 200 கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி ஆக்லாந்து தீவுகளுக்குப் போக வேண்டும், அதனால் உலகிலேயே தனிமையான மரம் என்று பெயர். தீவில் வேலை பார்த்தவர்கள் கிறிஸ்துமஸ் வந்தால் இதன் உச்சியை வெட்டி அலங்காரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், அதனால்தான் மரம் உயரமாக வளரவில்லை என்று ஒரு கதை உண்டு.)

இது எல்லாம் சிரமம்தான். ஆனால் நியூசிலாந்து கண்காணிப்பாளர்களில் இவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் சொல்வேன். இதே வேலைக்கு வடக்கே, வெயிலும் தென்னையுமாக இருக்கும் கில்பர்ட் தீவுகளுக்கு (இன்றைய கிரிபாட்டி) அனுப்பப்பட்டவர்கள் இருந்தார்கள். தபால் துறை ரேடியோ ஆட்களும், துணைக்குச் சில சிப்பாய்களும். அங்கே கப்பல் வந்தது. ஜப்பானியர்கள் ஒவ்வொரு தீவாகப் பிடித்தார்கள். 1942 அக்டோபர் 15 அன்று, தராவாவின் பெட்டியோ தீவில், 17 நியூசிலாந்துக் கண்காணிப்பாளர்களையும் 5 சிவிலியன்களையும் கொன்றார்கள். யார் வடக்கே, யார் தெற்கே என்று முடிவு செய்தது ஒரு அலுவலக உத்தரவு. தெற்கே போனவர்கள் குளிரையும் தனிமையையும் பற்றிப் புலம்ப உயிரோடு திரும்பி வந்தார்கள்.

தெற்கே ஏன் கப்பல் வரவில்லை? பயம் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மன் வேட்டைக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள ஆளில்லாத கெர்கெலன் தீவைத் தண்ணீர் பிடிக்கவும் பழுது பார்க்கவும் உண்மையிலேயே பயன்படுத்தின. 1940 டிசம்பரில் 'அட்லாண்டிஸ்' அங்கே போயிருக்கிறது, 1941-ல் கோமெட்டும் போயிருக்கிறது. அதாவது உத்தி சரியாகத்தான் யூகிக்கப்பட்டது, தீவுதான் வேறு. காவல்காரன் இருக்கும் தெருவில் திருட்டு நடக்கவில்லை என்றால் காவல்காரன் வீணா என்ற பழைய கேள்விதான். எனக்கு வீண் என்று தோன்றவில்லை.

ஆனால் சுவாரசியமே இனிமேல்தான். நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவன் எவ்வளவு நேரம்தான் இல்லாத கப்பலைப் பார்ப்பான்? இருப்பதைப் பார்க்க ஆரம்பித்தான். கேம்பல் தீவு தெற்கு ராயல் அல்பட்ராஸ் பறவைகளின் தலைநகரம். இறக்கையை விரித்தால் மூன்று மீட்டருக்கும் மேல். உலகில் உள்ள இந்த இனத்தின் பெரும்பகுதி இந்த ஒரே தீவில்தான் முட்டையிடுகிறது. மேட்டுக்குப் போகும் வழியெல்லாம் கூடு. திட்டத்தின் பொறுப்பாளர்களும் இயற்கை ஆய்வில் ஆர்வமுள்ளவர்களைத் தேடி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆக்லாந்து தீவுகளில் பணியாற்றிய ராபர்ட் ஃபாலாவும் சார்ல்ஸ் ஃப்ளெமிங்கும் பின்னாளில் நியூசிலாந்து அறிவியலில் பெரிய பெயர்கள், இருவருக்குமே சர் பட்டம் கிடைத்தது. கேம்பல் தீவில் ஜே. எச். சோரன்சன் அல்பட்ராஸ்களின் காலில் வளையம் மாட்டி, கூடுகளைக் கணக்கெடுத்து, குறிப்பெழுதினார். செடிகள், பாறைகள், பூச்சிகள், சீல்கள் எல்லாம் நோட்டில் ஏறின. போருக்குப் பிறகு இவையெல்லாம் 'கேப் எக்ஸ்பெடிஷன்' என்ற அதே பெயரில் அறிவியல் வெளியீட்டு வரிசையாக அச்சாயின. ரகசியத் திட்டத்தின் பெயர் நூலக அலமாரிக்கு வந்துவிட்டது!

கூடவே வானிலையையும் தினமும் அளந்தார்கள். பின்னர் ஆக்லாந்து தீவுகளின் இரண்டு நிலையங்களையும் மூடிவிட்டார்கள். கேம்பல் தீவை மட்டும் மூடவில்லை. தென்கடலில் இருந்து வரும் புயல்களை முன்கூட்டியே சொல்ல அந்த இடத்தை விட்டால் வேறு இடம் இல்லை. கப்பலைப் பார்க்க வந்த நிலையம் காற்றைப் பார்க்கும் நிலையமானது. 1950-களில் பக்கத்தில் இருக்கும் பீமன் மலையடிவாரத்துக்கு மாறியது. (மகாபாரத பீமன் இல்லை, இது ஆங்கிலப் பெயர்!) 1995 வரை ஆட்கள் தங்கி வேலை செய்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1992-ல், கடலில் நீந்திக்கொண்டிருந்த ஊழியர் ஒருவரைச் சுறா தாக்கி ஒரு கையைப் பறித்தது. அவரைக் காப்பாற்ற நியூசிலாந்திலிருந்து ஹெலிகாப்டர் அந்த 700 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வர வேண்டியிருந்தது. 1995-ல் எல்லாம் தானியங்கிக் கருவிகளாகிவிட்டன. தீவில் மறுபடி நிரந்தரமாக யாரும் இல்லை.

எலிகளை மறக்கவில்லை தானே? ஆடுகளைப் படிப்படியாக அகற்றிய பிறகு, 2001 குளிர்காலத்தில் ஹெலிகாப்டர்களில் சுமார் 120 டன் விஷ உணவைத் தீவு முழுக்கத் தூவினார்கள். அந்தக் காற்றில், அந்த மழையில்! 2003-ல் ஒரு எலிகூட இல்லை என்று உறுதியானது. அழிந்தே போனதாக நினைத்த கேம்பல் தீவு வாத்து (பறக்கத் தெரியாத குட்டி வாத்து) 1975-ல் பக்கத்தில் இருக்கும் டென்ட் என்ற பாறைத் தீவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கூண்டில் வளர்த்துப் பெருக்கி 2004 முதல் சொந்தத் தீவுக்கே கொண்டுவந்து விட்டார்கள்.

இனி ராக்ஹாப்பர் பெங்குவின். பாறைக்குப் பாறை தாவும், மஞ்சள் புருவம் வைத்த சிறிய பெங்குவின். 1940-களில் கேம்பல் தீவின் கரைகளில் இவை லட்சக்கணக்கில் இருந்தன. கண்காணிப்பு நிலையத்துக்காரர்கள் அந்தக் கூட்டங்களைப் புகைப்படம் எடுத்து வைத்தார்கள். எந்த ஆராய்ச்சிக்கு என்று அப்போது சொல்லியிருக்க முடியாது, எடுக்க வேண்டும் என்று தோன்றியது, எடுத்தார்கள்.

1980-களில் விஞ்ஞானிகள் தீவுக்குப் போய் அந்தப் பழைய படங்களோடு கரைகளை ஒப்பிட்டார்கள். பழைய படத்தில் பாறையே தெரியாத அளவுக்குப் பறவை நிறைந்த சரிவுகள், புதிய படத்தில் புல் முளைத்துக் கிடந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால் 1942-க்கும் 1985-க்கும் இடையில் 94 சதவீதம் பெங்குவின்கள் இல்லாமல் போயிருந்தன. எலிமேல் பழி போடத் தோன்றும், ஆனால் ஆய்வாளர்கள் கைகாட்டியது கடலை. கடல்நீர் வெப்பம் கூடிய காலத்தோடு இந்தச் சரிவு ஒத்துப்போனது. கடல் சூடானால் இரை நகர்ந்துவிடும், பெற்றோர் தூரம் போக வேண்டும், குஞ்சு பட்டினி.

யோசித்துப் பாருங்கள். இதை யாருமே நேரில் பார்த்திருக்க முடியாது. தீவில் எப்போதும் ஆள் இருந்தார்கள்தான், ஆனால் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது புதிதாக வருகிறவனுக்கு அவன் வந்த வருடம் இருப்பதுதான் இயல்பு. முன்பு எவ்வளவு இருந்தது என்று சொல்ல யாராவது முன்பே பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். எதிரிக் கப்பலுக்காக உட்கார வைக்கப்பட்டவர்கள் அதைச் செய்திருந்தார்கள்.

2012-ல் மறுபடி ஒரு குழு போய்ப் பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் வைத்து எண்ணியது. சரிவின் வேகம் குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. அப்போது தீவில் மிஞ்சியிருந்தவை சுமார் 33,000 ஜோடிகள்.